மச்சம் இருக்கட்டும், முதலில் கண்ணைக் காட்டுங்கள்

உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியட்டும். அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்து 2 மாதம் ஆகிறது. பிறக்கும்போதே வலது நெற்றி, மேல் இமை, கன்னம் என்று சிவந்த ஊதா நிறத்தில் ஒரு மச்சம் படர்ந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் 'ஸ்டர்ஜ்-வெபர் சிண்ட்ரோமாக இருக்கலாம், மூளை ஸ்கேனும் கண் பரிசோதனையும் செய்துவிடுங்கள்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கிரகணத்தன்று வெளியே வந்ததால் வந்தது, போகப்போக மறைந்துவிடும் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். இது என்ன, மச்சம் மூளைக்குப் பரவுமா, லேசர் வைத்தால் போய்விடுமா, அடுத்த குழந்தைக்கும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் குழந்தைகளுக்கான கண் மருத்துவர். அதனால் கண் பக்கம் கொஞ்சம் சாய்வாகத்தான் பேசுவேன். ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது. லேசரைப் பற்றி நிதானமாக யோசிக்கலாம். ஸ்கேன் எப்போது எடுப்பது என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. கண் பரிசோதனைக்கு அப்படி எந்த அவகாசமும் கிடையாது. இந்த வாரமே காட்டிவிடுங்கள். மீதியை அப்புறம் படித்தாலும் பரவாயில்லை.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் 5 மாதக் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முகத்தில் இதேபோல இடது பக்கம் மச்சம். அதற்காக மூன்று இடங்களில் தோல் மருத்துவரைப் பார்த்து, இரண்டு களிம்பும் வாங்கியாகிவிட்டது. எங்களிடம் வந்தது கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறது என்பதற்காக மட்டும்தான். பாட்டி பெருமையாகச் சொன்னார்: "மான் கண்ணு மாதிரி இருக்கு பாருங்க டாக்டர், இந்தப் பக்கம் இன்னும் பெருசு. திருஷ்டி பட்டுடக் கூடாதுன்னு மை வச்சு விட்டிருக்கேன்." அந்தப் பெரிய கண்ணின் கருவிழியை அளந்தால் 13 மில்லிமீட்டர். பிறந்த குழந்தைக்கு 10 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டியது அது. உள்ளே அழுத்தம் ஏறி, கண்ணே ஊதிப் பெரிதாகியிருந்தது.

பெரியவர்களுக்கு 'கண்ணில் பிரஷர்' என்று சொல்வோமே, அந்த கிளாக்கோமாதான் இது. கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வெளியே வடியாவிட்டால் அழுத்தம் கூடி, பார்வை நரம்பை நசுக்கிவிடும். நரம்பு செத்துப்போன அளவுக்குப் பார்வை போனது போனதுதான், எந்த அறுவை சிகிச்சையும் அதைத் திருப்பித் தராது. பெரியவர்களின் கண் சுவர் கெட்டியானது. குழந்தையின் கண் சுவரோ மென்மையானது, பலூன் மாதிரி விரியும். அதனால் முதல் மூன்று வருடத்துக்குள் அழுத்தம் ஏறினால் கண் பெரிதாகிறது, கருவிழி மங்கலாகிறது, வெளிச்சத்தைப் பார்த்தால் குழந்தை முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொள்கிறது, நீர் வடிகிறது. அந்த வயதைத் தாண்டிய பிறகு ஏறினால் இந்த அடையாளங்கள் எதுவும் இருக்காது. வலிக்காது, சிவக்காது, குழந்தையும் சொல்லாது. ஒரு கண் நன்றாக இருப்பதால் ஓடி விளையாடிக்கொண்டே இருக்கும்.

சரி, நோய்க்கு வருவோம்.

முகத்தோல், கண், மூளை ஆகிய இடங்களில் ரத்த நாளங்கள் பிறவியிலேயே கோணலாக உருவாகியிருக்கும் நோய் இது. ஸ்டர்ஜ்-வெபர் என்பது இரண்டு மருத்துவர்களின் பெயர். 1879-ல் லண்டனில் வில்லியம் ஆலன் ஸ்டர்ஜ், ஆறரை வயதுப் பெண் குழந்தை ஒன்றைப் பற்றி மருத்துவர்கள் கூட்டத்தில் விவரித்தார். முகத்தின் வலது பக்கம் மச்சம், வலது கண் பெரிதாகியிருந்தது, வலிப்பு மட்டும் உடம்பின் இடது பக்கம் வந்தது. உடம்பின் இடது பக்கத்தை ஆட்டுவிப்பது வலது மூளை. அப்படியென்றால் முகத்தில் தெரியும் இதே மச்சம் வலது மூளையின் மேற்பரப்பிலும் இருக்க வேண்டும் என்றார் ஸ்டர்ஜ். எக்ஸ்-ரே கூட இல்லாத காலம். கையில் ஆதாரம் எதுவும் இல்லாமல், அடையாளங்களைக் கோத்துப் பார்த்து மட்டும் அவர் சொன்னது. 1897-ல் கலிஷர் என்பவர் செய்த பிரேதப் பரிசோதனையில் அது சரியென்று தெரிந்தது. 1922-ல் பார்க்ஸ் வெபர், மூளையில் சுண்ணாம்பு படிந்திருப்பதை எக்ஸ்-ரேயில் காட்டினார். பழைய மருத்துவ வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஊகங்களில் ஸ்டர்ஜின் ஊகமும் ஒன்று.

காரணம் தெரிய இன்னும் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு ஆனது. 2013-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், பாதிக்கப்பட்ட 26 பேரின் திசுக்களை எடுத்துப் பார்த்ததில் 23 பேரிடம் ஒரே பிழையைக் கண்டார்கள். ஜி.என்.ஏ.க்யூ என்ற ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது, அதனால் அது உண்டாக்கும் புரதத்தின் 183-வது இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறிப்போகிறது. இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பிழை குழந்தையின் உடம்பு முழுக்க இல்லை. மச்சம் உள்ள தோலில் இருக்கிறது, பாதிக்கப்பட்ட மூளைப் பகுதியில் இருக்கிறது, அங்கேயும் சில சதவீத அளவுக்குத்தான். ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

இதன் அர்த்தம் என்னவென்றால், அம்மாவின் கருமுட்டையிலிருந்தோ அப்பாவின் விந்தணுவிலிருந்தோ இது வரவில்லை. கரு உருவாகிச் செல்கள் பெருகிக்கொண்டிருக்கும் ஆரம்ப வாரங்களில் ஏதோ ஒரு செல்லில் நகல் எடுக்கும்போது ஒரு எழுத்துப்பிழை. அந்தச் செல்லின் வழியில் வந்த செல்கள் எங்கெங்கே போய்ச் சேர்ந்தனவோ அங்கெல்லாம் ரத்த நாளங்கள் கோணலாக உருவாகிவிட்டன. அந்த ஆரம்ப நாட்களில், பின்னால் நெற்றித் தோலாகவும் கண்ணாகவும் மூளையின் பின்பகுதியாகவும் ஆகப்போகிற பகுதிகள் பக்கத்துப் பக்கத்து வீடுகள் மாதிரி ஒட்டி இருக்கின்றன. பிழை சீக்கிரம் நடந்தால் மூன்று இடத்திலும் விழும், தாமதமாக நடந்தால் தோலோடு நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள்.

இப்போது உங்கள் இரண்டு கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது பாருங்கள். மச்சம் மூளைக்குப் 'பரவாது'. மூளையில் இருந்தால் பிறக்கும்போதே இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. அடுத்த குழந்தைக்கு வருமா என்றால், எந்தக் குடும்பத்துக்கும் உள்ள அதே அபூர்வ வாய்ப்புதான், கூடுதல் எதுவும் இல்லை. இந்தக் குழந்தை வளர்ந்து தாயாகும்போது அவளுடைய குழந்தைக்கும் போகாது. தோல், மூளை இரண்டையும் தொடும் வேறு சில நோய்கள் பரம்பரையாக வரும், டியூபரஸ் ஸ்கிளரோசிஸ் அப்படிப்பட்டது. அதைப் பற்றி எங்காவது படித்துவிட்டு இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கிரகணமும் இல்லை, பப்பாளியும் இல்லை, குங்குமப்பூவும் இல்லை. பிழை நடந்த நேரத்தில் தான் கர்ப்பமாக இருப்பதே உங்கள் அக்காவுக்குத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். இதை வீட்டில் எல்லோரும் இருக்கும்போது சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், குறிப்பாக மாமியார் வீட்டில்.

பெரியவர்கள் 'மறைந்துவிடும்' என்று சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. பிறந்த குழந்தைகளின் முகத்தில் வரும் சிவப்பு எல்லாம் ஒன்றில்லை. நெற்றி நடுவிலும் இரு இமைகளிலும் பிடரியிலும் வெளிர் ரோஜா நிறத்தில், அழும்போது மட்டும் பளிச்சென்று தெரிகிற ஒன்று உண்டு. அது மிகச் சாதாரணம், முகத்தில் உள்ளது ஒன்றிரண்டு வருடத்தில் மங்கிவிடும். ஸ்ட்ராபெரி மாதிரி புடைத்து வளரும் இன்னொன்று உண்டு. அது பிறக்கும்போது இருக்காது அல்லது லேசாக இருக்கும், சில வாரத்தில் மளமளவென்று வளரும், பிறகு தானாகச் சுருங்கும். அதற்கு ப்ரோப்ரனலால் மருந்து நன்றாக வேலை செய்கிறது. உங்கள் வீட்டுக் குழந்தைக்கு இருப்பது மூன்றாவது வகை, போர்ட் ஒயின் மச்சம் என்பார்கள். போர்ட் ஒயினை நம்மில் எத்தனை பேர் பார்த்திருப்போம்? நாவல் பழச்சாறு சிந்திய நிறம் என்றால் சட்டென்று புரியும். பிறக்கும்போதே தட்டையாக, ஓரம் தெளிவாக இருக்கும். குழந்தை வளர வளர அதே விகிதத்தில் வளரும். தானாகப் போகாது. ப்ரோப்ரனலாலுக்கு அசையாது.

நம் மாநிறத்தில் இது இன்னொரு குழப்பத்தையும் உண்டாக்குகிறது. புத்தகத்தில் இருக்கும் படங்கள் வெள்ளைத் தோலில் எடுத்தவை, ரத்தச் சிவப்பாகத் தெரியும். நம் தோலில் மங்கிய ஊதாவாக, அடிபட்டுக் கன்றிப்போன மாதிரி இருக்கும். பிரசவத்தில் பட்ட அடி என்று சொல்லி அனுப்பிவிடுவதும் நடக்கிறது. கன்றல் என்றால் இரண்டு வாரத்தில் நிறம் மாறி மறைய வேண்டும். மறையாவிட்டால் அது கன்றல் இல்லை.

இந்த மச்சம் இருந்தாலே ஸ்டர்ஜ்-வெபர் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஆயிரம் குழந்தைகளில் சுமார் 3 பேருக்கு உடம்பில் எங்காவது ஒயின் மச்சம் இருக்கிறது. ஸ்டர்ஜ்-வெபர் இருப்பதோ 20,000 முதல் 50,000 குழந்தைகளில் ஒருவருக்கு. கோர்பசேவின் நெற்றியில் இருந்தது ஒயின் மச்சம்தான். அதோடு அவர் சோவியத் யூனியனை ஆண்டு, 91 வயது வரை வாழ்ந்தார். கையில், காலில், கீழ்க்கன்னத்தில் இருப்பதைப் பற்றி மூளைக்காகக் கவலைப்படத் தேவையில்லை. நெற்றியிலும் மேல் இமையிலும் இருந்தால்தான் யோசிக்கிறோம். நெற்றி மச்சம் உள்ள குழந்தைகளில், ஆய்வுக்கு ஆய்வு மாறினாலும், பத்தில் ஒன்றிலிருந்து மூன்று பேர் வரை மூளை பாதிப்போடு இருக்கிறார்கள். மச்சம் எவ்வளவு அகலமோ, அதுவும் முகத்தின் இரண்டு பக்கமும் இருந்தால், வாய்ப்பு அவ்வளவு கூடும். உங்கள் குழந்தைக்கு மேல் இமையில் இருக்கிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இமையில் இருந்தால் கண்ணுக்குள்ளும் இருக்க வாய்ப்பு அதிகம்.

கண்ணில் என்ன பார்ப்போம்? கைக்குழந்தை அசையாமல் இருக்காது, அதனால் பெரும்பாலும் லேசாக மயக்க மருந்து கொடுத்துத்தான் முழுப் பரிசோதனை. அழுத்தம், கருவிழியின் அகலம், கண்ணின் நீளம், பார்வை நரம்பின் குழிவு, எல்லாவற்றையும் அளந்து எழுதிவைப்போம். விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் நாளப் படலமும் சிலருக்குத் தடித்திருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் தக்காளி சாஸ் பூசினாற்போலச் செக்கச்செவேல் என்று தெரியும், மற்ற கண்ணோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அன்றைக்கு எல்லாம் சரியாக இருந்தாலும் விடமாட்டோம். ஸ்டர்ஜ்-வெபர் உள்ளவர்களில் 30 முதல் 70 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு வயதில் கண் அழுத்தம் வருகிறது. அதில் பாதிக்கு மேல் முதல் வருடத்திலேயே வந்துவிடும், மீதி பள்ளி வயதிலோ இருபதுகளிலோ கூட வரும். முதல் வருடம் சுமார் 3 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு இடைவெளியைக் கூட்டலாம். ஆனால் வாழ்நாள் முழுக்க வருடத்துக்கு ஒருமுறையாவது வர வேண்டும். 'போன தடவை நல்லாருக்குன்னு சொன்னீங்களே' என்று நான்கு வருடம் கழித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அழுத்தம் இருந்தால் சொட்டு மருந்து, அது போதாவிட்டால் அறுவை சிகிச்சை. இந்தக் குழந்தைகளின் கண்ணில் நாளங்கள் அதிகம் என்பதால், கண்ணைத் திறந்ததும் அழுத்தம் சட்டென இறங்கி உள்ளே ரத்தமோ நீரோ கோத்துக்கொள்ளும் அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல். அதனால் குழந்தைகளின் கிளாக்கோமாவை அடிக்கடி செய்து பழகிய கை வேண்டும். ஊர்ப் பக்கத்தில் கண்புரை அறுவை சிகிச்சை நன்றாகச் செய்கிறார் என்பதற்காக அங்கேயே செய்துகொள்ள வேண்டாம்.

சொட்டு மருந்து பற்றி ஒரு எச்சரிக்கை. வீட்டில் தாத்தாவுக்கும் கண் பிரஷர் இருக்கும், ஃபிரிட்ஜில் பாட்டில் இருக்கும், 'அதே நோய்தானே' என்று ஒரு சொட்டு விட்டுவிடுவார்கள். பிரிமோனிடின் என்ற மருந்து பெரியவர்களுக்கு அன்றாடம் எழுதுவது. கைக்குழந்தைக்கு விட்டால் துவண்டு தூங்கி, மூச்சே நின்றுபோகலாம், 2 வயதுக்குள் அதைத் தொடவே கூடாது. டிமோலால் சொட்டும் குழந்தையின் இதயத் துடிப்பைக் குறைக்கும், வீசிங் வரவைக்கும். மருத்துவர் எழுதியிருந்தால் விடலாம், ஆனால் விட்டதும் மூக்கை ஒட்டிய கண் மூலையை விரலால் ஒரு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடியுங்கள், மருந்து மூக்கு வழியாக ரத்தத்தில் கலப்பது குறையும்.

அப்புறம் மூளை. மூளையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் ஓடும் நாளங்களில்தான் கோளாறு. மேற்பரப்பிலிருந்து ரத்தத்தை இறக்கிக் கொண்டுபோக வேண்டிய சிரைகள் சரியாக உருவாகவில்லை. தெருவில் வடிகால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கி, புதுத் தண்ணீரும் வர இடமில்லாமல் போகுமே, அது மாதிரி. அடியில் இருக்கும் மூளைத் திசுவுக்கு எப்போதும் ரத்தம் அரைகுறைதான். இந்த நிலையில் வலிப்பு வந்தால் அந்த இடத்துக்குத் திடீரென்று அதிக ரத்தம் தேவைப்படும், வர வழியில்லை, இன்னும் கொஞ்சம் திசு கெடும். கெட்ட இடம் மறுபடி வலிப்பைக் கிளப்பும். இந்தச் சங்கிலியை ஆரம்பத்திலேயே அறுப்பதுதான் மூளை மருத்துவரின் வேலை. மூளை பாதிப்பு உள்ள குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்காவது வலிப்பு வருகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு வயதுக்குள், முக்கியமாகக் காய்ச்சல் வரும்போது.

வலிப்பு என்றதும் கை கால் எல்லாம் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளும் காட்சிதான் நமக்கு நினைவுக்கு வரும். இந்தக் குழந்தைகளுக்கு ஆரம்பத்தில் பெரும்பாலும் அப்படி வராது. மச்சத்துக்கு எதிர்ப்பக்கக் கையில் ஒரே தாளத்தில் துடிப்பு, கண் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்வது, கூப்பிட்டாலும் திரும்பாமல் வெறித்த பார்வை, உதட்டோரம் வெட்டுவது. சந்தேகமாக இருந்தால் உடனே செல்போனில் வீடியோ எடுங்கள். நீங்கள் பத்து நிமிடம் விவரிப்பதைவிட 20 வினாடி வீடியோ மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், மணியைப் பாருங்கள். வாயில் தண்ணீர், ஸ்பூன், விரல் எதுவும் வேண்டாம். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் ஒரு பயனும் இல்லை, இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தமே கிடையாது. 5 நிமிடத்தைத் தாண்டினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரேயை மருத்துவர் எழுதிக் கொடுப்பார், அதைப் பீரோவில் பூட்டி வைக்காமல் குழந்தையின் பையிலேயே வைத்திருங்கள்.

இன்னொரு அடையாளத்தையும் வீட்டில் பாராட்டி விட்டுவிடுவார்கள். 7 மாதக் குழந்தை கிலுகிலுப்பையை எப்போதும் ஒரே கையால் எடுக்கிறது, 'இப்பவே வலது கைக்காரி' என்பார்கள். ஒரு வயதுக்குள் குழந்தைக்கு வலது இடது என்ற பழக்கம் வரக் கூடாது. அப்படி வந்தால் மற்ற கை பலவீனமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டை விரலை உள்ளே மடக்கி எப்போதும் முஷ்டியாகவே வைத்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். பிசியோதெரபியை முதல் வருடத்திலேயே தொடங்கினால் கை நன்றாகத் தேறும். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் இருக்கின்றன, தெரபிக்கு அங்கே கேளுங்கள். தனியாரில் ஒவ்வொரு தடவைக்கும் பணம் கட்டிச் சமாளிப்பது வருடக்கணக்கில் நடக்கிற காரியம் இல்லை.

ஸ்கேன் விஷயம். எடுக்க வேண்டியது எம்.ஆர்.ஐ., அதுவும் நரம்பில் மருந்து ஏற்றி எடுப்பது. சி.டி.யில் சுண்ணாம்புப் படிவம் ரயில் தண்டவாளம் மாதிரி இரட்டைக் கோடாக அழகாகத் தெரியும், ஆனால் கைக்குழந்தைக்கு அந்தக் கதிர்வீச்சு வேண்டாம், படிவமும் இந்த வயதில் வந்திருக்காது. 2 மாதத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் பாதிப்பு இருந்தும் தெரியாமல் போகலாம். அதனால் வலிப்போ வேறு அறிகுறியோ இல்லாவிட்டால் ஒரு வயது வரை பொறுத்து எடுப்போம் என்பது ஒரு தரப்பு. முன்கூட்டியே தெரிந்தால் வலிப்பு வருமுன்னே மருந்து தொடங்கலாமே என்பது இன்னொரு தரப்பு. இரண்டிலும் நியாயம் உண்டு, உங்கள் குழந்தை நரம்பியல் மருத்துவர் எந்தப் பக்கமோ அதன்படி போங்கள். சீக்கிரம் எடுத்து 'நார்மல்' என்று வந்தால் மட்டும் அதோடு முடிந்தது என்று நினைக்காமல், ஒரு வயதுக்குப் பிறகு மறுபடி எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

மூளை பாதிப்பு உறுதியானால் வலிப்பு மருந்தோடு சிறு அளவில் ஆஸ்பிரினும் பலர் கொடுக்கிறார்கள், தேங்கும் ரத்தம் உறையாமல் இருப்பதற்கு. குழந்தைக்கு ஆஸ்பிரினா என்று மருந்துக்கடைக்காரரே பயமுறுத்துவார். பயம் நியாயமானதுதான், ஃப்ளூவோ சின்னம்மையோ வரும்போது ஆஸ்பிரின் எடுத்தால் அபூர்வமாகக் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய் சிண்ட்ரோம் வரலாம். அதனால் அந்த இரண்டு தடுப்பூசிகளையும் குழந்தைக்கும், முடிந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கும் போட்டுவிடுவது வழக்கம். நம் ஊரில் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: டெங்கு. டெங்குவில் ஆஸ்பிரின் ரத்தக் கசிவைக் கூட்டும். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் முதல் நாளே மருத்துவரை அழைத்து, ஆஸ்பிரினை நிறுத்தவா என்று கேளுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், வயதுக்கு ஏற்றபடி நிறையப் பால் அல்லது தண்ணீர். இந்தக் குழந்தைகளின் உடம்பில் நீர் வற்றவே கூடாது. எந்த மருந்துக்கும் அடங்காத வலிப்பு சிலருக்கு இருக்கும். பாதிப்பு ஒரு பக்க மூளையோடு நின்றிருந்தால், அந்தப் பகுதியை அகற்றும் அல்லது துண்டித்துவிடும் அறுவை சிகிச்சை உண்டு. கேட்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் நல்ல மையத்தில் சரியான குழந்தைக்குச் செய்தால் வலிப்பு அடியோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

டோபிராமேட் என்ற வலிப்பு மருந்து அபூர்வமாகக் கண் அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடும். அதை எழுதினால் கண் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு மருத்துவர்களும் ஒருவர் எழுதுவதை ஒருவர் பார்ப்பதே இல்லை, சீட்டுகளைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியது வீட்டுக்காரர்கள்தான்.

கடைசியாகத் தோல், எல்லோரும் முதலில் கேட்பது. 595 நானோமீட்டர் அலைநீளமுள்ள பல்ஸ்டு டை லேசர்தான் இதற்கு வழக்கமானது. அந்த ஒளியை ரத்தத்தின் சிவப்பு உறிஞ்சிக்கொண்டு சூடாகி, விரிந்த நாளத்தை உள்ளிருந்தே சுருக்கிவிடும். ஒரு தடவையில் போகாது. சில வார இடைவெளியில் பல தடவை வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு வாரம் கன்றி, முன்பைவிட மோசமாகத் தெரியும், பயந்துவிடக் கூடாது. தோல் மெல்லியதாக இருக்கும் கைக்குழந்தைப் பருவத்தில் தொடங்கினால் பலன் அதிகம். நன்றாக வெளிறும், முழுக்க மறைவது குறைவு, சில வருடத்தில் கொஞ்சம் திரும்பவும் கருக்கும். மாநிறத் தோலில் நிறமியும் அந்த ஒளியை உறிஞ்சுவதால் கொப்புளமோ வெள்ளைத் திட்டோ வரலாம், நம் தோலில் செய்து பழகியவரிடம் போங்கள். இமையில் வைக்கும்போது கண்ணுக்குள் உலோக மூடி போட்டுத்தான் வைக்க வேண்டும், அதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். செய்யாமலே விட்டால் தீங்கா? உயிருக்கு இல்லை. முப்பது நாற்பது வயதில் தடித்து, முண்டு முண்டாகி, சின்ன உரசலுக்கும் ரத்தம் வரலாம். அந்தப் பக்க ஈறும் உதடும் பருத்துக்கொள்ளும், பல் பிடுங்கும்போது மருத்துவரிடம் மச்சத்தைச் சொல்ல வேண்டும். லேசர் தோலுக்கு மட்டும்தான், கண்ணையும் மூளையையும் அது தொடாது. மச்சம் வெளிறிவிட்டது என்று கண் பரிசோதனையை நிறுத்தியவர்களும் உண்டு, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பெண் குழந்தை வேறு என்று கேள்வியின் கடைசியில் ஒரு வார்த்தை எழுதியிருந்தீர்கள். அதற்கு மருத்துவப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் அக்காவிடம் ஒன்று சொல்லுங்கள். மாதம் ஒருமுறை குழந்தையை மடியில் வைத்து, நேர் முகமாக, ஜன்னல் வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் நின்று ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு கண்ணும் ஒரே அளவா, கருவிழி ஒரே தெளிவா என்பதை அடுத்தடுத்த படங்களை வைத்துப் பார்த்தால் எனக்கு நிறையத் தெரியும். பழைய படம் இருக்கிறதா என்று கேட்டால் பல அம்மாக்கள் போனைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். நூறு படம் இருக்கும், நூறிலும் மச்சம் இல்லாத கன்னம்தான் இருக்கும்.